கைவினையும் வீட்டுப் பட்டறையும்: ஜார்ஜ் நகாஷிமாவின் அறைகலன் உருவாக்கத்தில் புதுச்சேரி, மினிடோகா, நியூ ஹோப்

ஆய்வுச்சுருக்கம்

அமெரிக்க மரவினைஞர் ஜார்ஜ் நகாஷிமா (1905–1990) பென்சில்வேனியா மாநிலத்தின் நியூ ஹோப்பில் தம் வீட்டை ஒட்டி அமைத்த பட்டறை, இருபதாம் நூற்றாண்டுக் கைவினை வரலாற்றில் தவறாது இடம்பெறுவது. அப்பட்டறையின் தோற்றத்தை அவருடைய ஜப்பானிய மரபுரிமையாலோ ஆன்மிக நாட்டத்தாலோ மட்டும் விளக்கும் போக்கு நிலவுகிறது. அவ்விளக்கம் போதாது என்பதை இக்கட்டுரை எடுத்துரைக்கிறது. புதுச்சேரிக் கட்டடக் களத்தில் அவர் கண்ட உழைப்பு முறை, போர்க்காலத் தடுப்பு முகாமில் ஒரு தச்சரிடம் பெற்ற கைப்பயிற்சி, உழைப்புக்கு மாற்றாகக் கிடைத்த சிறு நிலம் ஆகியவை சேர்ந்தே அப்பட்டறைக்கு வடிவம் தந்தன. கைவினை வரலாற்றில் எவர் பெயர் எஞ்சுகிறது என்ற வினாவும் இதனோடு இணைத்துப் பார்க்கப்படுகிறது.

திறவுச்சொற்கள்: கைவினை அறைகலன், வீட்டுப் பட்டறை, தச்சுத்தொழில், கோல்கொண்டே, மினிடோகா, நியூ ஹோப்

முன்னுரை

தமிழில் தச்சுத்தொழில் குறித்த ஆய்வுகள் பெரும்பாலும் கோயில், தேர், வாகனம், வீட்டு நிலை, கதவு என்ற வரிசையிலேயே செல்கின்றன. நாற்காலியும் மேசையும் அவற்றில் ஓரமாகவே நிற்கின்றன. தரையில் அமர்ந்து உண்டு பாயில் உறங்கிய சமூகத்தில் நாற்காலி பெரும்பாலும் அரசு அலுவலகத்தோடும் பள்ளிக்கூடத்தோடும் வந்து சேர்ந்த பொருள் என்பது ஒரு காரணம். அறைகலன் தேய்கிறது, கைமாறுகிறது, இறுதியில் விறகாகவும் போகிறது என்பது மற்றொரு காரணம். தேருக்குக் கிடைக்கும் திருப்பணிக் கணக்கு நாற்காலிக்குக் கிடைப்பதில்லை. எனவே கைவினை அறைகலனின் வரலாற்றை எழுதப் புகுவோர் பொருளோடு நின்றுவிடாமல், அது உருவான இடத்தையும் பார்க்க வேண்டியுள்ளது. அந்த இடம் பட்டறை.

தமிழ்நாட்டுக் கம்மாளர் குடியிருப்புகளில் வீடும் பட்டறையும் பெரும்பாலும் ஒரே கூரையின் கீழ் இருந்தவை. திண்ணையிலோ வாசற்பந்தலிலோ தந்தை உளி பிடிக்க, மகன் கொட்டாப்புளியை எடுத்துக் கொடுத்தபடியே தொழில் கற்றான். அங்கே வீட்டுப் பட்டறை எவரும் தேர்ந்தெடுத்த வாழ்க்கை முறை அன்று; பிறப்போடு வந்த நிலை. ஐரோப்பாவில் ஆலைத்தொழில் வீட்டையும் வேலையையும் பிரித்தபின், வில்லியம் மோரிசும் (1834–1896) அவர் வழிவந்தோரும் அவ்விணைப்பை ஓர் இலட்சியமாக மீட்டெடுக்க முனைந்தனர். உழைப்பாளியின் மகிழ்ச்சிக்காகப் பேசிய மோரிசின் நிறுவனத்துப் பொருள்களை வாங்கும் வசதி செல்வர்க்கே இருந்தது. ஆக, இருபதாம் நூற்றாண்டை எட்டியபோது வீட்டுப் பட்டறைக்கு இரண்டு முகங்கள் இருந்தன: ஒன்று குலத்தொழிலின் கட்டாயம், மற்றொன்று படித்தவரின் விருப்பத் தேர்வு.

நகாஷிமா இவ்விரண்டில் எதிலும் முழுமையாக அடங்கவில்லை. அவர் தச்சர் குடும்பத்தில் பிறந்தவர் அல்லர்; கட்டடக்கலையில் உயர்கல்வி பெற்றவர். அதே வேளையில், வசதியான வேலையைத் துறந்து கிராமத்துக்குச் சென்ற இலட்சியவாதியாக மட்டும் அவரைக் காட்டுவதும் பொருந்தாது. அவர் பட்டறைக்குச் சென்ற வழியில் முள்வேலியிட்ட முகாம் ஒன்று இருந்தது. 1981இல் வெளிவந்த, மரத்தின் ஆன்மா என்று பொருள்படும் ‘தி சோல் ஆஃப் எ ட்ரீ’ என்ற அவருடைய நூலின் தலைப்பே பின்னாளைய எழுத்துகளின் தொனியைத் தீர்மானித்துவிட்டது எனலாம். ஆன்மா பற்றிப் பேசுவோர் மிகுதி. பலகையை எங்கிருந்து வாங்கினார், உளியை எவரிடம் கற்றார் என்று கேட்போர் குறைவு.

புதுச்சேரி: கட்டடக் களமே பட்டறையானது

நகாஷிமா வாஷிங்டன் மாநிலத்தின் ஸ்போகேன் நகரில், ஜப்பானிலிருந்து குடியேறிய பெற்றோருக்குப் பிறந்தார். வாஷிங்டன் பல்கலைக்கழகத்திலும் மாசசூசெட்ஸ் தொழில்நுட்ப நிறுவனத்திலும் கட்டடக்கலை பயின்றார். பொருளாதாரப் பெருமந்தத்தில் வேலை போனபின், தம் காரை விற்று உலகைச் சுற்றும் கப்பலுக்குப் பயணச்சீட்டு வாங்கினார். பாரிசில் சில காலம் தங்கியவர், 1934இல் டோக்கியோ சென்று அன்டோனின் ரேமண்டின் அலுவலகத்தில் சேர்ந்தார். பொகீமியாவில் பிறந்த ரேமண்ட், இம்பீரியல் ஓட்டல் கட்டும் பணிக்காக ஃபிராங்க் லாயிட் ரைட்டுடன் 1919இல் ஜப்பான் வந்து, அங்கேயே தொழிலை நிறுவியவர். கான்கிரீட்டின் புதுமையையும் ஜப்பானிய மரக்கட்டுமானத்தின் ஒழுங்கையும் ஒருங்கே நாடிய அலுவலகம் அது.

புதுச்சேரி ஸ்ரீ அரவிந்த ஆசிரமத்தில் அன்பர்கள் தங்குவதற்கான விடுதி ஒன்றை வடிவமைக்கும் பொறுப்பு ரேமண்டுக்குக் கிடைத்தது. ஐதராபாத்து அரசில் உயர்பதவி வகித்த சர் அக்பர் ஐதரியின் முயற்சியால் ஒரு இலட்சம் ரூபாய் நன்கொடை வந்தது. ஐதராபாத்தோடு தொடர்புடைய கோல்கொண்டாவின் பெயரே பிரெஞ்சு வடிவில் ‘கோல்கொண்டே’ என விடுதிக்குச் சூட்டப்பட்டது. அப்போது புதுச்சேரி பிரெஞ்சு ஆட்சியில் இருந்தது. ரேமண்டின் சார்பில் பணியை முன்னின்று நடத்த நகாஷிமா 1937இல் அங்கு வந்தார். செக் நாட்டுக் கட்டடக்கலைஞர் ஃபிரான்டிசெக் சாம்மரும் இணைந்தார். வலுவூட்டப்பட்ட கான்கிரீட்டில் எழுந்த கோல்கொண்டே, இந்தியாவின் நவீனக் கட்டடக்கலைக்குத் தொடக்கச் சான்றுகளுள் ஒன்றாக இன்று மதிக்கப்படுகிறது.

கட்டடக்கலை வரலாறு இக்கட்டடத்தின் கான்கிரீட்டையே பெரிதும் பேசுகிறது. மரவேலையின் கோணத்திலிருந்து பார்த்தால் வேறு சில செய்திகள் முன்னுக்கு வருகின்றன. கட்டடத்தின் நீண்ட பக்கங்கள் வடக்கும் தெற்கும் நோக்கியவை. சுவர் இருக்க வேண்டிய இடத்தில் திருப்பி மூடித் திறக்கக்கூடிய கிடைப்பலகைகள் உள்ளன. அறைக்கும் நடைபாதைக்கும் இடையே, இடைவெளி விட்டு அமைந்த குறுகலான தேக்குப் பட்டிகளாலான தள்ளுகதவு உள்ளது. காற்று புகும், பார்வை புகாது. குளிரூட்டும் கருவி ஏதுமின்றிச் சித்திரை வெயிலைச் சமாளிக்கும் ஏற்பாடு இது.

அந்தக் கதவு மரத்தின் இயல்பை அறிந்து செய்யப்பட்டது. மரம் உலர்ந்தபின்னும் ஓய்வதில்லை. காற்றில் ஈரம் ஏறினால் பலகை அகலவாக்கில் விரிகிறது, வறண்டால் சுருங்குகிறது. நீளவாக்கில் ஏறத்தாழ மாறுவதே இல்லை. ஆண்டுவளையத்தின் போக்கில் ஏற்படும் சுருக்கம், நடுவிலிருந்து பட்டை நோக்கிய திசையில் ஏற்படும் சுருக்கத்தைப் போல் பொதுவாக இரு மடங்கு வரை இருக்கும். அகன்ற பலகையை அசையாமல் ஆணியடித்து இறுக்கினால் அது வெடிக்கும் அல்லது வளையும் என்பதைத் தமிழ்நாட்டின் எந்தத் தச்சரும் அறிவார். கத்திரி வெயிலும் ஐப்பசி, கார்த்திகை அடைமழையும் மாறிவரும் வங்கக் கரையில் இது ஆண்டுதோறும் நடக்கும் சோதனை. குறுகலான பட்டிகள் ஒவ்வொன்றும் சிறிதளவே அசையும். அவ்வசைவும் இடைவெளிகளில் அடங்கிவிடும். தேக்கு மற்றப் பல மரங்களைவிடக் குறைவாகவே அசைவது. வடிவமைப்பு, பொருள், பருவநிலை மூன்றும் ஒரே கணக்கில் தீர்க்கப்பட்டிருக்கின்றன.

கோல்கொண்டேயின் அறைகளுக்கான எளிய மர அறைகலன்களையும் நகாஷிமா வடிவமைத்தார். பிற்காலத்தில் உலகப் புகழ் பெற்றவரின் தொடக்ககால அறைகலன்கள் இவை. புதுச்சேரியைப் பற்றிய குறிப்பை ஆன்மிக இடைநிறுத்தம் என்று ஒரு பத்தியில் கடந்துவிடும் வரலாறுகள் இந்த உண்மைக்கு உரிய எடை தருவதில்லை. நகாஷிமா ஆசிரமத்தில் அன்பராகவே வாழத் தலைப்பட்டார், ஊதியம் பெற மறுத்தார், சுந்தரானந்தர் என்ற பெயரைப் பெற்றார் என்பனவும் உண்மையே. ஆனால் இவற்றை மட்டும் சொல்லி நிறுத்தினால் அவர் அங்கே தியானம் மட்டும் செய்துகொண்டிருந்தார் என்ற எண்ணம் எழுகிறது. அவர் நாள்தோறும் செய்தது களப்பணி.

அக்களத்தின் உழைப்பு முறை தனித்தன்மை கொண்டது. ஆசிரமவாசிகள் பெரும் பங்கேற்றனர். அவர்களுள் பலர் அதற்குமுன் கட்டட வேலையை அறியாதவர்கள். கட்டடத்துக்குத் தேவையான உலோகப் பொருத்துகள் ஆசிரமத்தின் பட்டறையிலேயே வார்க்கப்பட்டன. ஓர் அறையின் முழு அளவு மாதிரியை முதலில் கட்டிப் பார்த்துத் திருத்திக்கொண்டார்கள். வரைபடம் ஓர் ஊரில், ஒப்பந்தக்காரர் மற்றோர் ஊரில், தொழிலாளி யாரென்றே தெரியாத நிலை என்ற நவீனக் கட்டடத்தொழிலின் பிரிவினை இங்கே இல்லை. வரைந்தவரும் செய்தவரும் ஒரே முற்றத்தில் இருந்தனர். காலக்கெடு அவர்களைத் துரத்தவில்லை. கட்டடம் முடிய ஆண்டுகள் பல ஆயின, நகாஷிமா புறப்பட்டபோதும் முடிந்திருக்கவில்லை. ஒரு வணிக நிறுவனம் இவ்வாறு கட்டியிருந்தால் திவாலாகியிருக்கும்.

கோல்கொண்டேயைப் பராமரிக்கும் முறை பற்றி ஸ்ரீ அரவிந்தர் 1945இல் எழுதிய கடிதம் ஒன்று உண்டு. பருப்பொருள்களிலும் ஓர் உணர்வுநிலை மறைந்திருக்கிறது, ஆகவே அவற்றை முரட்டுத்தனமாகக் கையாளுவதும் வீணாக்குவதும் தகாது என்பது அதன் சாரம். நகாஷிமா பின்னாளில் மரத்தைப் பற்றிக் கொண்டிருந்த நோக்குக்கும் இதற்கும் உள்ள ஒப்புமை வெளிப்படை. எனினும் அவர் புதுச்சேரியை விட்டு நீங்கியது 1939இல். கடிதம் அதன்பின் ஆறு ஆண்டுகள் கழித்து எழுதப்பட்டது. எனவே இக்கடிதத்தை நேரடித் தாக்கத்துக்குச் சான்றாகக் காட்ட இயலாது. அவ்விடத்தில் நிலவிய மனநிலைக்குச் சான்றாகக் கொள்ளலாம், அவ்வளவே.

மற்றொரு மிகையையும் தவிர்க்க வேண்டும். நகாஷிமா புதுச்சேரியில்தான் தச்சரானார் என்று சொல்ல உள்ளூர்ப் பெருமிதம் தூண்டலாம். அங்கே அவர் வடிவமைப்பாளராகவும் மேற்பார்வையாளராகவும் இருந்தார். பொருத்துகளைத் தம் கையால் நுட்பமாக வெட்டும் தேர்ச்சி அவருக்குப் பின்னரே வாய்த்தது. அது வாய்த்த இடம் எவரும் விரும்பிச் செல்லும் இடம் அன்று.

மினிடோகா: முகாமில் ஒரு தச்சர்

ஜப்பான் வழியாக 1940இல் அமெரிக்கா திரும்பிய நகாஷிமா, கட்டடக்கலையை விட்டு அறைகலன் செய்வதென முடிவு செய்தார். தொடக்கத்திலிருந்து முடிவுவரை ஒரு பொருளைத் தம் கட்டுக்குள் வைத்துக்கொள்ளும் வாய்ப்பு கட்டடத்தில் இல்லை, மரவேலையில் உண்டு என்பது அவர் கருத்து. சியாட்டிலில் மேரிநால் கத்தோலிக்கச் சபையினர் தங்கள் சிறுவர் மன்றத்தில் இடம் தந்தனர். அதற்கு ஈடாக அவர் சிறுவர்களுக்கு மரவேலை கற்பித்தார். முதல் பட்டறை இவ்வாறு பண்டமாற்றில் அமைந்தது. 1941இல் மரியன் ஒகாஜிமாவை மணந்தார். அடுத்த ஆண்டு மகள் மீரா பிறந்தார்.

1942 பிப்ரவரி 19 அன்று குடியரசுத் தலைவர் ரூஸ்வெல்ட் ஒப்பமிட்ட ஆணையின் விளைவாக, மேற்குக் கடற்கரைப் பகுதியில் வாழ்ந்த ஜப்பானிய மரபினர் 1,20,000க்கும் மேற்பட்டோர் வீடுகளிலிருந்து அகற்றப்பட்டு முகாம்களில் அடைக்கப்பட்டனர். அவர்களுள் மூன்றில் இருவர் அமெரிக்கக் குடிமக்கள். கைக்குழந்தையுடன் நகாஷிமா குடும்பம் ஐடஹோ மாநிலத்தின் வறண்ட சமவெளியில் இருந்த மினிடோகா முகாமுக்குச் சென்றது. பச்சை மரத்தையும் தார்த்தாளையும் கொண்டு அவசரத்தில் எழுப்பிய கொட்டகைகள் அவை. பச்சை மரம் உலர உலரப் பலகைகளுக்கு இடையே விரிசல் விடும், அதன் வழியே புழுதி புகும். உலராத மரத்தில் செய்யும் தச்சுவேலை என்ன ஆகும் என்பதற்கு இதைவிடக் கொடிய பாடம் இல்லை.

அங்கேதான் கெண்டாரோ ஹிகோகாவாவைச் சந்தித்தார். ஹிகோகாவா ஜப்பானில் மரபுவழிப் பயிற்சி பெற்ற தச்சர். முகாமின் கட்டாயச் சும்மையில் இருவரும் சேர்ந்து வேலை செய்தனர். கட்டுமானத்தில் மிஞ்சிய துண்டுப் பலகையும் அந்நிலத்தில் வளர்ந்த புதர்ச்செடியின் முறுக்கிய கட்டையுமே கிடைத்த பொருள்கள். அவற்றைக் கொண்டு கொட்டகை அறைகளை வாழத்தக்கனவாக மாற்ற முயன்றனர். ஜப்பானிய இழைப்புளியும் வாளும் தன்பக்கம் இழுத்து வேலை செய்யும் கருவிகள்; ஐரோப்பியக் கருவிகளோ பெரும்பாலும் எதிர்ப்பக்கம் தள்ளிச் செய்யப்படுபவை. இழுக்கும் வாளின் தகடு மெலிதாக இருக்கலாம், வெட்டு நேர்த்தியாக அமையும். ஜப்பானியத் தச்சர் தாழ அமர்ந்து வேலை செய்வதும், பலகையைக் காலால் அழுத்திக்கொள்வதும் தமிழ்நாட்டுத் தச்சுத் திண்ணைகளை அறிந்தோர்க்குப் பழகிய காட்சியாகவே இருக்கும். பொறுமை, பொருத்தின் நேர்த்தி, மரத்தின் ஒவ்வொரு துண்டையும் மதித்தல் ஆகியவற்றை ஹிகோகாவாவிடம் கற்றதாக நகாஷிமா பின்னர் நன்றியோடு நினைவுகூர்ந்தார்.

ஜப்பானிய மரபுரிமை என்ற விளக்கத்தின் போதாமை இங்கே தெளிவாகிறது. ஜப்பானியத் தச்சுமுறை நகாஷிமாவின் இரத்தத்தில் ஊறி வந்ததன்று. டோக்கியோ அலுவலகத்தில் அதனைக் கட்டடக்கலைஞராகப் பார்த்திருந்தார். கையால் கற்றது, ஜப்பானியர் என்பதற்காகவே தம் சொந்த நாடு தம்மை அடைத்துவைத்த இடத்தில். மரபு அவருக்குத் தண்டனையின் வழியாக வந்து சேர்ந்தது என்று சொல்வது கடுமையாகத் தோன்றலாம். ஆனால் இதுவே நிகழ்ச்சிகளின் வரிசை.

1943இல் ரேமண்டின் பொறுப்பேற்பால் குடும்பம் விடுதலை பெற்று, பென்சில்வேனியாவின் நியூ ஹோப்பில் இருந்த அவருடைய பண்ணைக்குச் சென்றது. மாசசூசெட்ஸ் தொழில்நுட்ப நிறுவனத்தில் பயின்ற கட்டடக்கலைஞர் அங்கே கோழிப்பண்ணை வேலை செய்தார். அதே ஆண்டில் ரேமண்ட் அமெரிக்க இராணுவத்துக்காக வேறொரு பணியில் ஈடுபட்டிருந்தார். யூட்டா மாநிலத்தின் டக்வே சோதனைக் களத்தில் தீக்குண்டுகளை வீசிப் பார்ப்பதற்காக, ஜப்பானியத் தொழிலாளர் குடியிருப்புகளை உள்ளறைப் பொருள்களோடு அப்படியே ஒத்த மரவீடுகளை அவர் வடிவமைத்துக் கொடுத்தார். எரிப்பதற்கென்றே கட்டிய வீடுகள் அவை. ஜப்பானிய மரக்கட்டுமானத்தை நேசித்த ஒருவரின் அறிவு இரு வேறு திசைகளில் பயன்பட்டது. நகாஷிமாவின் வாழ்க்கையைப் பேசும்போது இதனைச் சொல்லாமல் விடுவது வழக்கமாக இருக்கிறது. விடுவதற்குரிய செய்தி அன்று.

நியூ ஹோப்: முதலில் பட்டறை, பிறகு வீடு

தம் தச்சு உழைப்புக்கு மாற்றாக நகாஷிமா மூன்று ஏக்கர் நிலம் பெற்றார். தெற்கு நோக்கிய சரிவு அது. முதலில் பட்டறையைக் கட்டினார். குடும்பம் அதுவரை கூடாரத்தில் தங்கியது. பட்டறை எழுந்தபின், 1946ஐ ஒட்டி, அந்நிலத்தில் கிடைத்த கல்லையும் கைக்கெட்டிய மரத்தையும் கொண்டு வீடு எழுந்தது. தமிழ்நாட்டுத் தச்சரின் வீட்டில் பட்டறை வீட்டின் நீட்சி. இங்கே வீடு பட்டறையின் நீட்சி. இவ்வரிசை மாற்றம் சிறிய செய்தியாகத் தோன்றினும், பட்டறையே பிழைப்புக்கான ஒரே வழியாக இருந்த நிலையை அது காட்டுகிறது. விருப்பத் தேர்வாக நாட்டுப்புறம் சென்றவர் முதலில் வீட்டைத்தான் கட்டியிருப்பார்.

மரியனின் பங்கும் இங்கே குறிப்பிடத்தக்கது. கணக்கு, கடிதம், வாடிக்கையாளர் தொடர்பு ஆகியவற்றை அவரே கவனித்தார். வீட்டுப் பட்டறை என்ற அமைப்பு எங்கும் இத்தகைய பெண் உழைப்பின் மீதே நிற்கிறது. மர இழைப்பில் அதன் தடம் தெரிவதில்லை என்பதால் கைவினை வரலாறும் அதனை எளிதில் மறந்துவிடுகிறது.

நகாஷிமாவின் அடையாளமாக இன்று கருதப்படுவது மரத்தின் இயல்பான ஓரத்தைச் சீவி நேராக்காமல் விட்ட மேசைப்பலகை. வெளிறும் கணுவும் வெடிப்பும் அதில் அப்படியே தெரியும். இதனை அழகியல் கொள்கையாக விளக்குவது வழக்கம். தொடக்கத்தில் அதற்குப் பொருளாதாரக் காரணமும் இருந்தது. குறையற்ற, நேராக அறுத்த உயர்தரப் பலகை விலை மிக்கது. ஆலைகள் கழித்து ஒதுக்கிய பலகையே அவருக்குக் கட்டுபடியானது. கழிவில் அழகைக் காணும் கண் மினிடோகாவின் துண்டுப் பலகைகளுக்கு நடுவே பயிற்சி பெற்றிருந்தது. வறுமையில் கண்ட வழி பின்னர் கொள்கையாயிற்று. அதன்பின் விலையுயர்ந்த பாணியாயிற்று.

வெடிப்புள்ள பலகையைப் பயன்படுத்துவதற்கு ஒரு தொழில்நுட்பம் தேவை. வெடிப்பின் குறுக்கே, இருபுறமும் அகன்று நடுவில் குறுகிய கடினமரக் கட்டை ஒன்றைப் பலகையில் அதே வடிவில் குழி பறித்துப் பதிக்கின்றனர். வண்ணத்துப்பூச்சி போன்ற வடிவம் அது. அகன்ற இரு முனைகளும் வெடிப்பின் இரு கரைகளையும் பற்றிக்கொள்வதால் வெடிப்பு மேலும் பரவாது. பதிக்கும் கட்டையின் நாரோட்டம் வெடிப்புக்குக் குறுக்காக அமைய வேண்டும். இல்லாவிடின் இழுவிசையில் நடுப்பகுதி எளிதில் பிளந்துவிடும். ஜப்பானியத் தச்சர் உள்ளிட்ட பல மரபினரும் அறிந்த பழைய உத்தி இது. நகாஷிமா அதனை மறைக்காமல் மேற்பரப்பிலேயே காட்டினார். ஒட்டுப்போட்டதை மறைப்பதே நல்ல தச்சனின் திறமை என்று கருதும் வழக்கத்துக்கு இது நேர்மாறானது.

நாற்காலிகளில் அவர் பின்பற்றியது ஜப்பானிய மரபை அன்று. ஜப்பானிய வீட்டில் நாற்காலிக்கு இடமில்லை. அவருக்கு முன்மாதிரி இங்கிலாந்திலிருந்து அமெரிக்காவுக்கு வந்த விண்ட்சர் நாற்காலி. அதில் தடித்த ஒற்றைப் பலகையே இருக்கை. கால்கள் கீழிருந்தும், முதுகுக் குச்சிகள் மேலிருந்தும் தனித்தனியே அதில் செருகப்படுகின்றன. காலின் கழுந்து இருக்கையைத் துளைத்து மேலே வந்தபின், அதன் தலையைப் பிளந்து ஆப்பு அடிக்கின்றனர். ஆப்பு இருக்கையின் நாரோட்டத்துக்குக் குறுக்காக நிற்க வேண்டும். நாரோட்டத்தோடு நின்றால் இருக்கையே பிளந்து போகும். நன்கு உலர்ந்த கழுந்தைச் சற்றே ஈரமுள்ள துளையில் செருகினால், துளை சுருங்கச் சுருங்கப் பிடி இறுகும். ஆணியும் திருகும் இல்லாமல் தலைமுறை கடந்து நிற்கும் நாற்காலி இவ்வாறு உருவாகிறது. பதினெட்டாம் நூற்றாண்டில் அமெரிக்கா வந்த ஷேக்கர் சமயக் குழுவினரின் எளிய அறைகலனையும் அவர் மதித்தார். இந்து, கத்தோலிக்கர், ஷேக்கர், ஜப்பானியர், அமெரிக்கர் என ஐந்து அடையாளங்களை ஒரே மூச்சில் அடுக்கித் தம்மைச் சுட்டிக்கொண்டவர் அவர். அதில் நகைச்சுவையும் உண்டு, உண்மையும் உண்டு.

மரத்தைத் தேர்வதில்தான் அவர் மிகுந்த நேரம் செலவிட்டார். அடிமரத்தை அறுக்கும்போது வாள் எந்தக் கோணத்தில் ஓட வேண்டும் என்பதைத் தாமே நின்று தீர்மானித்தார். ஓர் அங்குலம் தவறினாலும் நூறாண்டு வளர்ந்த உருவோட்டம் குலைந்துவிடும் என்பதால் வைரக்கல்லைப் பிளப்பது போன்ற செயல் இது. அறுத்த பலகைகள் வரிசை மாறாமல், இடையே சட்டமிட்டு அடுக்கப்பட்டன. இயற்கையாக உலர்வதற்கு அங்குலக் கனத்துக்கு ஓராண்டு என்பது மரவினைஞரின் பொதுவான கணக்கு. அதன்பின் உலர்அறையில் வைத்து எஞ்சிய ஈரத்தை அகற்றினர். சில பலகைகள் தமக்குரிய வேலை வரும்வரை ஆண்டுக்கணக்கில் காத்திருந்தன. அடுத்தடுத்த இரு பலகைகளைப் புத்தகம் விரிப்பதுபோல் விரித்து இணைத்தால் இருபுறமும் ஒத்த உருவோட்டம் கிடைக்கும். வரிசையைக் காத்தது இதற்காகவும்தான்.

கையும் இயந்திரமும்

நகாஷிமாவின் பட்டறையில் மின்வாளும் இழைப்பு இயந்திரமும் இருந்தன. பருவேலையை இயந்திரத்திடம் விட்டு, பொருத்து, வளைவு, மெருகு ஆகியவற்றைக் கைக்கு வைத்துக்கொண்டார். இயந்திரத்தை அறவே விலக்கும் தூய்மைவாதம் அவரிடம் இல்லை. 1946இல் நோல் நிறுவனத்துக்கும், 1950களின் இறுதியில் விடிகோம்-முல்லர் நிறுவனத்துக்கும் ஆலை உற்பத்திக்கான வடிவங்களைத் தந்திருக்கிறார். பட்டறையிலும் அவர் தனி ஆளாக இருந்ததில்லை. அவர் வரைந்த சிறு கோட்டுப்படத்தைக் கொண்டு தேர்ந்த வினைஞர்கள் பொருளைச் செய்தனர். எனவே கைவினை என்பதற்கு இயந்திரம் இல்லாமை என்று இலக்கணம் வகுத்தால் நகாஷிமா அதற்கு வெளியே போய்விடுவார். ஒவ்வொரு பலகையைப் பற்றியும் தனித்தனியே முடிவெடுக்கும் அதிகாரம் வேலை நடக்கும் இடத்திலேயே இருப்பதைக் கைவினை எனக் கொள்வது பொருந்தும். ஆலையில் அவ்வதிகாரம் வரைபடத்தோடு முன்பே முடிந்துவிடுகிறது. கோல்கொண்டேயில் அவர் கண்டதும் இதுவே.

மோரிசின் முரண் இவரையும் விடவில்லை. 1973இல் நெல்சன் ராக்ஃபெல்லர் தம் புதிய இல்லத்துக்காக இருநூறு அளவிலான பொருள்களைச் செய்யப் பணித்தார். அவ்வில்லத்தை வடிவமைத்த ஜுன்சோ யோஷிமுரா, டோக்கியோவில் ரேமண்ட் அலுவலகத்தில் நகாஷிமாவோடு பணியாற்றியவர். கழிவுப் பலகையில் தொடங்கிய பட்டறை அமெரிக்காவின் பெருஞ்செல்வர் இல்லத்தை அடைந்தது. இன்று அம்மேசைகள் ஏலக்கூடங்களில் விற்பனையாகின்றன.

பெயர்கள்

நகாஷிமா நெடுங்காலம் தம் பொருள்களில் கையொப்பம் இடவில்லை. மேசையின் அடிப்பக்கத்தில், அதனைக் கேட்டவரின் பெயரே எழுதப்பட்டது. எந்தப் பலகை யாருக்கு என்று பட்டறையில் குழம்பாமலிருக்க உதவிய குறிப்பு அது. இன்று அதுவே பொருளின் மெய்ம்மைக்குச் சான்றாகக் கொள்ளப்படுகிறது. செய்வித்தவர் பெயர் நிற்க, செய்தவர் பெயர் மறையும் இம்முறை தமிழ்க் கல்வெட்டுகளைப் படித்தோர்க்குப் புதிதன்று. கொடையாளரின் பெயரும் கொடுத்த காசின் அளவும் விரிவாகப் பொறிக்கப்பட்ட கோயில்களில் தச்சரின் பெயர் அரிதாகவே கிடைக்கிறது.

ஹிகோகாவாவின் பெயர் வரலாற்றில் எஞ்சியதற்கு ஒரே காரணம், புகழ்பெற்ற மாணவர் அதனைத் திரும்பத் திரும்பச் சொன்னது. கோல்கொண்டேயைப் பற்றிய கட்டடக்கலை எழுத்துகள் பெரும்பாலும் ரேமண்ட், நகாஷிமா, சாம்மர் என்ற மூவரையே முன்னிறுத்துகின்றன. அந்தத் தேக்குப் பட்டிகளைச் சீவிப் பொருத்திய கைகள் பன்மையில் மட்டுமே குறிக்கப்படுகின்றன. புதுச்சேரி வட்டார வரலாற்றை எழுதுவோர் வடிவமைப்பாளர்களின் நூல்களோடு நின்றுவிடாமல் ஆசிரமத்தாரின் நினைவுக்குறிப்புகளையும் கட்டடக் கணக்குகளையும் தேடிச் செல்வதற்கு இதுவே போதிய காரணம்.

நகாஷிமாவுக்கும் இந்தியாவுக்குமான தொடர்பு 1939உடன் முடியவில்லை. 1964இல் அகமதாபாத்து தேசிய வடிவமைப்பு நிறுவனத்தில் தம் அறைகலன் வடிவங்களை அங்குள்ள வினைஞர்களைக் கொண்டு உருவாக்கினார். வாழ்வின் இறுதிப் பகுதியில், பேருருவான வால்நட் அடிமரம் ஒன்று கிடைத்தபோது, கண்டத்துக்கு ஒன்றாக அமைதி மேசைகள் செய்து வைக்க எண்ணினார். முதலாவது, 1986ஆம் ஆண்டின் இறுதி நாளில் நியூயார்க்கின் புனித ஜான் பேராலயத்தில் நிறுவப்பட்டது. மற்றவற்றைக் காண அவர் இருக்கவில்லை. பட்டறையின் பொறுப்பு மகள் மீராவிடம் வந்தது; மினிடோகாவுக்குக் கைக்குழந்தையாகச் சென்றவர் அவர். ஆசியாவுக்கான மேசை 1996இல் ஆரோவில்லுக்கு வந்து சேர்ந்தது. அங்கிருந்து சில கிலோமீட்டர் தெற்கே கோல்கொண்டே இன்றும் விடுதியாகவே இயங்குகிறது. ஐப்பசி மழையில் அதன் தேக்குப் பட்டிகள் சற்றே உப்புகின்றன. தை பிறந்ததும் பழைய இடைவெளிக்குத் திரும்புகின்றன.